சம்மட்டி நின்றால்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மோர்டென்ஸ்ருட்டில், எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் கட்டட வேலையாட்கள் கம்பி அடிக்கும் சத்தம் திடீரென்று நின்றது. மகளை இழுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே குனிந்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து வளவில் நல்லதம்பி அண்ணையின் கொல்லன் பட்டறை இருந்தது. அவர் அடிக்கிற அடியில், குண்டு போட வரும் விமானம் அவருக்கே கேட்காது. துருத்தி ஊதும் அவர் மனைவிதான் வானத்தைப் பார்த்துக் கை காட்டுவார். சம்மட்டி நின்றதும் அம்மா கத்துவார்: "சத்தம் நிண்டிட்டுது, பங்கருக்குள்ளை ஓடுங்கோ!"

ஒருநாள் அப்படித்தான் ஓடினோம். பங்கருக்குள் முழங்கால் வரை மழைத் தண்ணீர். தம்பி அழவும் பயந்து என் தோளைக் கடித்தான். விமானம் வரவேயில்லை. அம்மா எட்டிப் பார்த்தால், அண்ணை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன அண்ணை, பிள்ளையள் பயத்திலை செத்துப்போகுதுகள்!"

அதன்பிறகு அவர் தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் அவர் மனைவி வெறும் பட்டடை இரும்பில் தட்டிக்கொண்டிருப்பார், எங்களுக்காக.

"அம்மா, அவைக்கு இப்ப மாட்பௌசே. சாப்பிடீனம்," என்றாள் மேசைக்குக் கீழே என்னோடு குனிந்திருந்த மகள்.

அது எனக்கும் தெரியும். ஆனாலும் வெளியே யாராவது வெறும் இரும்பிலாவது ஒரு தட்டுத் தட்டும்வரை அவள் கையை என்னால் விட முடியவில்லை.