மாமா ஏன் வாசலிலேயே நின்றார்

முதல் அறிகுறி மணல்தான். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. துணி எடுக்க மாடிக்குப் போய்த் திரும்புவதற்குள், பக்கத்து வீட்டுக் கட்டட வேலைக்குக் குவித்திருந்த மணலில் ஒரு வாளி அள்ளிவந்து சட்டிக்கு மேலேயே கொட்டிவிட்டார் என் மாமனார். கேட்டதற்கு, "தீ இருந்துச்சு" என்றார். அம்புட்டுதான்.

நான் கொஞ்சம் வாய்க்காரி. "உங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு மாமா?" என்று கத்தினேன். இன்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த மாதம் ஒருநாள் காணாமல் போனார். ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் ஏறி, முப்பத்தைந்து வருஷம் போர்மேனாக இருந்த பட்டாசுக் கம்பெனியின் கேட்டில் போய் நின்றிருக்கிறார். வாட்ச்மேன் போன் செய்துதான் தெரிந்தது. விருதுநகரில் ஸ்கேன் எடுத்தோம். டிமென்ஷியா (மூளை மெல்லச் சுருங்கி, நினைவும் நிதானமும் குறைந்துகொண்டே போகும் நோய்) என்றார் டாக்டர். "இது குணமாகாதும்மா. ஆனா பத்திரமா வச்சுக்கலாம், பயமில்லாம வச்சுக்கலாம்." பத்திரம் என்ற பாதி மட்டும்தான் அன்று என் காதில் விழுந்தது.

என் வீட்டுக்காரர் லோடு லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூர். நான் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறேன். காலண்டர் சீசனில் நிமிர நேரமிருக்காது. யோசித்து யோசித்து, ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். "கொண்டுபோய்த் தள்ளிட்டா" என்றது தெரு.

இல்லத்தில் கொடுத்த படிவத்தில் மாத்திரை விவரமெல்லாம் சுத்தமாக எழுதினேன். தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். வேலையை விட்டுத்தான் எத்தனையோ வருஷம் ஆயிற்றே என்ற நினைப்பு.

பதினைந்தே நாளில் இல்லத்து மேற்பார்வையாளர் போன் செய்தார். "உங்க மாமனார் ரூமுக்குள்ள போகமாட்டேங்கிறார்ம்மா. வாசல்லயே நிக்கிறார். கூட இருக்கிற பெரியவரையும் உள்ள விடுறதில்ல. சட்டையக் கழட்டி எறியிறார். நேத்து கையப் புடிச்ச பொண்ண அடிச்சிட்டார்." ஒரு வாரம் பார்ப்போம் என்றார். அதற்கும் சரிவராவிட்டால் செடேஷன் (மருந்து கொடுத்து அரைத்தூக்கத்தில் வைத்திருப்பது), இல்லையென்றால் கையைக் கட்டிலோடு கட்டவேண்டி வரும். சம்மதமில்லை என்றால் அழைத்துப் போய்விடுங்கள். மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. மற்ற பெரியவர்களையும் அவர்தான் பார்க்கவேண்டும்.

கட்டிப்போடுவதா! வீட்டுக்கு அழைத்துவந்தாலும், நான் வேலைக்குப் போகும்போது பூட்டித்தானே வைக்கவேண்டும்?

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். மாமா வெற்றுடம்போடு அறை வாசலில் நின்றிருந்தார். அன்றுதான் விடுப்பு முடிந்து வந்திருந்த செல்லத்தாய் என்ற பணியாளர் அவரைத் தொடவுமில்லை, கூப்பிடவுமில்லை. எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன வேடிக்கை பார்க்கிறார் இந்தம்மா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"அந்தக் கையப் பாருங்க," என்றார் செல்லத்தாய்.

மாமாவின் வலது கை, கதவுநிலையை ஒட்டிய சுவரில், நெஞ்சு உயரத்தில் எதையோ தடவித் தேடிக்கொண்டிருந்தது.

"ஐயா என்ன வேலை பாத்தாக?"

"பட்டாசுக் கம்பெனில போர்மேன்."

செல்லத்தாய் தலையில் அடித்துக்கொண்டார். "அட, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? அவுக தகட்டத் தேடுறாக! நானும் தாயில்பட்டியில பன்னெண்டு வருசம் பட்டாசு வேலைக்குப் போனவதான்."

பட்டாசு மருந்து கலக்கும் அறையின் வாசலில் செம்புத் தகடு பதித்திருப்பார்களாம். உடம்பில் தங்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கவேண்டும். தொடாமல் போனால் சின்னப் பொறி ஒன்று போதும், அறையே போய்விடும். துணியும் பருத்தியாகத்தான் இருக்கவேண்டும். நானோ துவைக்க லேசு என்று பாலியஸ்டர் சட்டையாக ஆறு வாங்கிக் கொடுத்திருந்தேன்.

கல்யாணமாகி இருபது வருஷம். அவர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை நான். இந்தப் பதினைந்து நாளும் அந்த மனுஷன் எங்களையெல்லாம் காப்பாற்றத்தான் மல்லுக்கட்டியிருக்கிறார். வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த நாள் சாமி அலமாரியிலிருந்த செம்புத் தாம்பாளத்தையும் இரண்டு பருத்திச் சட்டைகளையும் எடுத்துப்போனேன். மேற்பார்வையாளர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவரே சுத்தியலோடு வந்து, மாமாவின் கை தேடிய இடத்திலேயே தாம்பாளத்தைச் சுவரில் பதித்தார். இரும்பு உரசினாலும் பொறி பறக்கும், சுத்தியலைப் பார்த்தால் போர்மேன் அதற்கும் சண்டைக்கு வருவார் என்று, அடித்து முடிக்கும்வரை செல்லத்தாய் அவரைத் தோட்டத்தில் வைத்திருந்தார்.

பருத்திச் சட்டையோடு திரும்பி வந்தார் மாமா. தகட்டைப் பார்த்தார். உள்ளங்கையை அதில் பதித்துக் கொஞ்ச நேரம் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அறையில் கூட இருக்கும் பெரியவரும் சிரித்துக்கொண்டே தொட்டுவிட்டுப் போனார். "கட்டவேண்டாம்மா, இங்கயே இருக்கட்டும்," என்றார் மேற்பார்வையாளர்.

"நோய் குறையலம்மா, பயம் குறைஞ்சிருக்கு," என்றார் டாக்டர் அடுத்த மாதம். முதல் நாள் அவர் சொன்ன மற்ற பாதி அப்போதுதான் எனக்கு ஏறியது.

உங்கள் வீட்டிலிருந்து யாரையாவது இல்லத்தில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், தொழில் என்ற இடத்தில் கோடு போடாதீர்கள். இடம் போதாவிட்டால் தனித்தாள் கேட்டு வாங்கி எழுதுங்கள். அவர் எங்கே நிற்பார், எதைத் தொடுவார், எதற்குப் பயப்படுவார் என்று எழுதுங்கள். தெரியாவிட்டால், அவருக்குச் சொல்லத் தெரியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு என் பெயர் போய்விட்டது. சில நாள் சோறு இறங்குவதில்லை. நான் அவருக்கு வேலைக்கு வந்த ஓர் ஆள், அவ்வளவுதான். ஞாயிறுதோறும் போகிறேன். பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம், இறங்கினால் ஓட்டம். என் உடம்புக்கு வேறு நடை தெரியாது. போன வாரம் அதே வேகத்தில் அறைக்குள் நுழையப் போனேன். கட்டிலிலிருந்தே கையை நீட்டித் தடுத்தார்.

"தொடாம வராத தாயி."

தொட்டேன். உடனே எடுத்தேன்.

"என்ன அவசரம்? நல்லா வையி. உடம்புல இருக்கது எறங்கட்டும்."

"எம்புட்டு நேரம் மாமா?"

"எறங்குற வரைக்கும்."

வைத்தேன். முதலில் சில்லென்று இருந்த தகடு, மெல்ல என் கைச்சூட்டுக்கு வந்தது. தூக்கியே இருந்த என் தோள் இறங்கியதை அப்போதுதான் கவனித்தேன். திரும்பும் பஸ் போனால் போகட்டும் என்று, அவர் தலையசைக்கும்வரை வாசலிலேயே நின்றேன்.