கடை மிளகாய்

எங்கள் குடும்பத்தில் ரயிலடியில் அழுவதற்குத் தடை உண்டு. சட்டம் போட்டவர் அம்மாச்சி. பட்டாளத்துக்காரருக்கு வாக்கப்பட்டு, பாதி ஆயுளை வடக்கே குவார்ட்டர்ஸிலும், மீதியைச் செல்லூர் வீட்டில் பிள்ளைகளோடு தாத்தாவின் லீவுக்காகக் காத்திருந்தும் கழித்தவர். கல்யாணமான புதிதில் அம்மாச்சி அழுது அனுப்பியதில், தாத்தா கட்டுச்சோற்றைப் பிரிக்காமலேயே டெல்லி வரை பட்டினி போனாராம். அதற்கப்புறம் அவர் ஓய்வுபெறும் வரை, அம்மாச்சி சிரித்த முகமாகத்தான் அனுப்பி வைத்தாராம்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கையில் மாமாவும் பட்டாளத்தில் இருந்தார். கல்யாணம் முடிந்த கையோடு லீவும் முடிந்துவிட்டது. புதுப்பெண்ணான அத்தைக்குச் சொந்த ஊர் கீழக்குயில்குடி. தங்கமான மனுஷிதான்; ஆனால் கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டால்கூட அழுகிற ரகம். மாமா போவதோ எல்லைக்கு. அழுத முகத்தைப் பார்த்துவிட்டுப் போனால் பிள்ளை அங்கே சாப்பிடுமா, தூங்குமா என்று அம்மாச்சிக்குக் கவலை.

ஆகவே ஒத்திகை. மாமாவை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்து, அத்தையைத் தெருவில் நிறுத்தினார்கள். நான்தான் ரயில் கார்டு. பச்சைத் துண்டை ஆட்டினேன். அவ்வளவுதான், அத்தை பொலபொலவென்று அழுதுவிட்டார். எதிர்வீட்டுத் தறிக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். அம்மாச்சி அசரவில்லை.

"இன்னொருவாட்டி ரயில விடு தாயி" என்றார் என்னிடம்.

பொழுது சாயும் வரை ரயில் விட்டேன். அப்படியொரு சந்தோஷமான உத்தியோகம் அப்புறம் எனக்கு வாய்க்கவேயில்லை.

மறுநாள் ஸ்டேஷனுக்கு அம்மாச்சி வேடிக்கைக் கதைகளாக மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். ரயில் கிளம்பும் நேரத்துக்குச் சரியாகக் கதையும் தீர்ந்தது. ரயில்தான் கிளம்பக் காணோம். நேரம் ஆக ஆக அத்தையின் உதடு துடித்தது. மாமா ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். அம்மாச்சி தாத்தாவை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏத்தா, ஒன் மாமனாரு மீசைய முறுக்கிக்கிட்டு நிக்கிறாருல்ல? பல்லியக் கண்டா கட்டில்ல ஏறி நின்னுக்கிட்டு என்னையத்தான் கூப்புடுவாரு."

அப்படி ஏறி நின்று கட்டில் முறிந்ததையும், சத்தம் கேட்டு ஓடிவந்த சிப்பாய்கள் விறைப்பாக சல்யூட் வைத்துக்கொண்டே சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டையும் நடித்தே காட்டினார். இத்தனை வருஷம் கட்டிக்காத்த மானம் பிளாட்பாரத்தில் கப்பலேறியது. தாத்தா கூரையைப் பார்த்தபடி மீசையைத் தடவிக்கொண்டார். அடுத்த பெட்டிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கும்போதே ரயில் நகர்ந்தது. மாமா வாயெல்லாம் பல்லாகக் கையாட்டிக்கொண்டே போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. துண்டு ஆட்டியவள் நானாயிற்றே.

ரயில் மறைந்ததும் அம்மாச்சி எங்களை நேரே ஸ்டேஷனுக்கு எதிரிலிருந்த ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த வயசான சர்வர் அவரைக் கண்டதும், கேட்காமலேயே மிளகாய்ச் சட்னி வாளியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அம்மாச்சி தமக்கும் அத்தைக்கும் இட்லி மூழ்க ஊற்றினார். ஒரு வாய்தான் வைத்திருப்பார், கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டியது. அத்தைக்கும் அப்படியே. இருவரும் சட்னியை விடுவதாக இல்லை. இன்னும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டார்கள். தாத்தா தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

அம்மாச்சி தினமும் பழைய சோற்றுக்குப் பச்சை மிளகாயை நறுக்கென்று கடிக்கிறவர். அவருக்கா இந்தக் கதி? கேட்டேவிட்டேன்.

"இது கடை மொளகா தாயி. ஒறப்பு சாஸ்தி."

விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். அப்படியொன்றும் காரமில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாச்சியும் அழுதுகொண்டே சேர்ந்து சிரித்தார். மறுநாள் பள்ளிக்கூடத்தில், பட்டாளத்துக்கே அஞ்சாத எங்கள் அம்மாச்சி ஓட்டல் சட்னிக்கு அழுதுவிட்டார் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.