நித்திரை என்று சொன்னார்கள்

முன்பிள்ளைப் பருவக் கல்வியில் இளமாணிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, கடைசிப் பயிற்சிக்காக என்னை மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்த ஒரு கார்டெரிக்கு, பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு, அனுப்பினார்கள். மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள். எனக்கு அப்போது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. அதற்கு முன்பே பல வருடம் வேறு கார்டெரிகளில் உதவியாளராக வேலை செய்தவள் நான். மூக்கு துடைப்பதும், பனிக்காலத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சப்பாத்தும் கையுறையும் மாட்டிவிடுவதும் எனக்குப் புதிதல்ல. ஆனால் மதியத் தூக்க வேளையை மட்டும் எப்படியாவது தட்டிக்கழித்துவிடுவேன். கோப்பை கழுவுகிறேன், விளையாட்டுச் சாமான் துடைக்கிறேன் என்று ஏதாவது சொல்லி அடுத்த அறைக்குப் போய்விடுவேன். பயிற்சியில் அது நடக்காது. முழு நாளையும் நானே நடத்திக் காட்ட வேண்டும்.

பிள்ளைகள் நித்திரை கொள்வதைப் பார்க்க எனக்குப் பயம். பிள்ளைகளோடு வாழ்நாளைக் கழிக்கப் பட்டம் படிக்கிறவளுக்கு இப்படி ஒரு பயம் என்று யாரிடம் சொல்வது? ஒருவரிடமும் சொல்லவில்லை.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். வாங்குகளை வெளியே அடுக்கிவிட்டு, வகுப்பறைத் தரையில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்துப் படுத்தோம். அம்மா, நான், நாலு வயதுத் தங்கச்சி. அப்பா அதற்கு முன்பே மொன்றியலுக்கு வந்துவிட்டார். தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டு விட்டுக் காய்ந்தது. ஒரு காலை நான் எழும்பியபோது அம்மா அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"தங்கச்சி நித்திரை கொள்ளுறாள். எழுப்பாதை. வெளியிலை போய் விளையாடு."

நான் போனேன். பின்னேரம் திரும்பி வந்தபோது அவள் படுத்திருந்த பாய் அங்கே இல்லை. எங்கே என்று கேட்டேன். பக்கத்துப் பாயில் இருந்த பெண், "அவ வேற இடத்திலை நித்திரை கொள்ளுறா, பிள்ளை" என்றாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் அவளைப் பற்றிக் கதைத்ததில்லை.

அவள் செத்துவிட்டாள் என்பது எனக்கு எப்போது விளங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரேயடியாக விளங்கியதல்ல. பிறகு அப்பா எங்களைக் கூப்பிட்டு, நாங்கள் விமானம் ஏறியபோது, எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். அவள் எழும்பினால் எங்களைத் தேடுவாளே, யாரிடம் போய்க் கேட்பாள்? அந்தக் கவலை என்னோடுகூட கோட்-டெ-நெய்ஜ் அடுக்குமாடிக்கு வந்து குடியேறியது. பிரெஞ்சு படித்தேன், பனியில் நடக்கப் பழகினேன், வளர்ந்தேன். உண்மையும் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்துகொண்டதை அந்தக் கவலை காதில் வாங்கவில்லை.

கார்டெரியில் எனக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியை என்னைவிட இளையவள். முன்னங்கையில் ஒரு மீன் பச்சை குத்தியிருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் யன்னல் திரைகளை இறக்கிவிட்டு, பிள்ளைகளை வரிசையாகக் கிடந்த மெத்தைகளில் படுக்க வைப்பாள். அவர்கள் கண் மூடியதும் வாயில் விரலை வைத்து, தூங்குகிறார்கள் என்று எனக்குச் சைகை காட்டுவாள். அந்தச் சைகையைக் கண்டதும் எழுந்துவிடுவேன்.

என்னால் உட்கார முடியாது. மெத்தைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பேன். ஒவ்வொரு முகமாகக் குனிந்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். கடைசிப் பிள்ளையைப் பார்த்து முடிப்பதற்குள் முதற்பிள்ளையின் மூச்சு நின்றிருக்குமோ என்று தோன்றும். மறுபடி தொடங்குவேன். சில நாட்களில் அந்த அரையிருட்டில், மெத்தை எதுவும் போடாத சுவரோரத்தில் யாரோ ஒருக்களித்துப் படுத்திருப்பதுபோல் இருக்கும். அந்தப் பக்கம் நான் திரும்ப மாட்டேன். ஒருமுறை துணிந்து திரும்பிப் பார்த்தேன். மடித்து வைத்த போர்வைகள்தான். ஆனாலும் அடுத்த நாளும் அங்கே யாரோ படுத்திருந்தார்கள்.

"நீ ஒரு நிமிடம்கூட உட்கார மாட்டாயா?" என்று ஆசிரியை மெல்லக் கேட்டாள்.

"பழகிவிட்டது" என்றேன்.

வகுப்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். நாலு வயது. பிரெஞ்சில்தான் கதைப்பாள். நான் தமிழில் கேட்டால் சிரித்துவிட்டுப் பிரெஞ்சில் பதில் சொல்வாள். தலை மெத்தையில் பட்டதும் நித்திரையாகிவிடுகிறவள். மாசி மாதத்தில் சில நாள் அவள் வரவில்லை. வீட்டில் ஒரு சாவு என்று தாய் தொலைபேசியில் சொன்னதாக ஆசிரியை என்னிடம் சொன்னாள்.

திரும்பி வந்த பிள்ளை படுக்க மறுத்தாள். மெத்தையில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி மற்றப் பிள்ளைகள் நித்திரையாகும் வரை காத்திருந்தாள். பிறகு தவழ்ந்து போய், பக்கத்தில் கிடந்தவனின் போர்வையை இழுத்து எறிந்தாள். அடுத்தவளின் போர்வை. அதற்கடுத்தவன். நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் நாலைந்து பிள்ளைகள் விழித்து அழத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த நாளும் அதையேதான் செய்தாள். ஏன் என்று ஆசிரியை பிரெஞ்சில் கேட்டாள், நான் தமிழில் கேட்டேன். அவள் அடுத்த போர்வையை எட்டிப் பிடித்தாள்.

அந்த நாட்களில் வாரம் ஒருமுறை பல்கலைக்கழகத்தில் வகுப்பும் இருந்தது. சிறு பிள்ளைகளுக்குச் சாவைப் பற்றி எப்படிச் சொல்வது என்பது அன்றைய பாடம். இறந்தவர் தூங்குகிறார் என்று பிள்ளையிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள், பிறகு அந்தப் பிள்ளை படுக்கைக்கே பயப்படும் என்றார் பேராசிரியர். எல்லோரும் குறிப்பு எழுதினார்கள். நான் எழுந்து வெளியே போய், தாழ்வாரத்தின் முடிவில் இருந்த யன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே வாகனத் தரிப்பிடத்தில் ஒருவர் தன் காரின் மேலிருந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக என்னைத் துரத்திய ஒன்று, பாடத்தில் ஒரு வரியாக இருந்தது. ஆறுதலாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் அந்தப் பிள்ளையின் தாய் கூட்டிப்போக வந்தார். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. குளிர் அங்கிக்கு அடியில் வேலை உடுப்பு தெரிந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"வீட்டிலையும் உதுதான் ரீச்சர். நான் படுத்தாலும் வந்து போர்வையை இழுக்கிறா. நான் அடிச்சும் பாத்திட்டன்" என்றவர், பிள்ளைகள் சப்பாத்து மாட்டுகிற தாழ்வான வாங்கில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிள்ளை உள்ளே கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வீட்டிலை ஆர் மோசம் போனது?" என்று கேட்டேன்.

"என்ர அண்ணை. எங்களோடைதான் இருந்தவர். சென்ட் லோரன்ட்டிலை பக்டரி வேலை, நைட் ஷிப்ட். பகல்லை சோபாவிலை நித்திரை கொள்ளுவார். 'மாமா நித்திரை, சத்தம் போடாதை' எண்டு இவவுக்கு நான் எந்தநேரமும் சொல்லுறது. அண்டைக்கும் சொன்னனான். எனக்கு லீவு. இவ அவருக்குப் பக்கத்திலை நிலத்திலை இருந்து படம் கீறிக்கொண்டிருந்தவ. ஒருக்கா குசினிக்கு வந்து, 'மாமாவின்ர கை குளிருது' எண்டவ. நான் சமைச்சுக்கொண்டு நிண்டனான். 'அப்ப போர்த்து விடு' எண்டன். தன்ர போர்வையைக் கொண்டுபோய்ப் போர்த்து விட்டிருக்கிறா. பின்னேரம் தேத்தண்ணியோடை எழுப்பப் போனாப்போலைதான்..."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இவவுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"மாமா நித்திரை எண்டுதான். ஆக்கள் வந்து தூக்கிக்கொண்டு போகேக்கையும் அதைத்தான் சொன்னன். நாலு வயசுப் பிள்ளைக்கு அந்தச் சொல்லை என்னெண்டு ரீச்சர் சொல்லுறது?"

படித்ததைச் சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"எனக்கும் அப்பிடித்தான் சொன்னவை" என்றேன். பிறகு என் தங்கச்சியைப் பற்றிச் சொன்னேன். பள்ளிக்கூடம், பாய், பக்கத்துப் பெண், விமானம், எல்லாவற்றையும். அதுவரை ஒருவரிடமும் சொல்லாததை, கார்டெரி வாசலில், ஈரக் கையுறைகள் தொங்கும் கொழுக்கிகளுக்குக் கீழே இருந்து, அதிகம் பழகாத ஒரு பெண்ணிடம் சொன்னேன். "அவள் எங்கையோ எழும்பி இருந்து எங்களைத் தேடுறாள் எண்டு எனக்கு இப்பவும் இருக்குது" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப நான் இப்ப என்ன செய்ய?"

"உள்ளதைச் சொல்லுங்கோ."

"எனக்கு வாய் வராது. நீங்களும் பக்கத்திலை நிக்கிறீங்களே?"

"ஓம், நிக்கிறன்."

ஆசிரியையிடம் கேட்டேன். உடனே ஒத்துக்கொண்டு, அடுத்த நாள் காலையில் புத்தக மூலையை எங்களுக்கு விட்டுத் தந்தாள். பிரெஞ்சில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், வகுப்பில் தந்த தாள்களில் வாசித்திருந்தேன். தமிழில்தான் தடுமாறினேன். காலமானார், தவறிவிட்டார், மோசம் போனார், கடவுளிட்டைப் போயிட்டார். எனக்குத் தெரிந்த சொல்லெல்லாம் விஷயத்தை மூடுகிற சொல்லாகவே இருந்தது. ஒரு பிள்ளைக்கு முன்னால் யாரும் மூடாமல் சொல்லி நான் கேட்டதேயில்லை.

பிள்ளை தாயின் மடியில் இருந்தாள்.

"மாமா நித்திரை கொள்ளேல்லை, குஞ்சு" என்றார் தாய். "மாமா செத்துப்போனார்."

பிள்ளை என்னைப் பார்த்தாள். "செத்துப்போனா மூச்சு வராது" என்றேன். "பசிக்காது, நோகாது, குளிராது. நித்திரை வேற. நித்திரை கொண்டா எழும்பலாம். செத்தா எழும்பேலாது."

தாயின் பக்கம் திரும்பினாள். பிறகு, நான் அதுவரை அவள் வாயில் கேட்டிராத தமிழில், தாயிடம் கேட்டாள். "நீங்க எழுப்பிப் பாத்தீங்களா?"

"ஓம் அம்மா, எழுப்பிப் பாத்தனான்."

"கத்தி?"

"கத்தித்தான் எழுப்பினனான்."

"நான் போத்து விட்டதாலயா எழும்பேல்ல?"

தாய் பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டு, "இல்லை, இல்லை, இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அப்போதுதான் அந்தப் பிள்ளை இழுத்து எறிந்த ஒவ்வொரு போர்வையையும் நினைத்தேன். எல்லோரையும் அவள் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்று மதியமே அவள் நித்திரை கொண்டாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. போர்வைகளை இழுப்பது மெல்ல மெல்லக் குறைந்தது. அதற்குப் பதிலாக, மற்றப் பிள்ளைகளின் மூக்கருகே கையை வைத்து, "இவன் மூச்சு விடுகிறானா?" என்று பிரெஞ்சில் என்னைக் கேட்கத் தொடங்கினாள். வீட்டுக்குப் போய்ச் சாவைப் பற்றிக் கேட்ட ஒரு பையனின் தகப்பன் வந்து கோபித்துக்கொண்டார். அவருக்கு ஆசிரியை பதில் சொன்னாள். நான் அந்தப் பிள்ளையின் மெத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்காரத் தொடங்கினேன். அவள் கையை எடுத்து அவள் நெஞ்சிலேயே வைத்து, ஏறி இறங்குகிறதா என்று இருவரும் பார்ப்போம். பனி உருகத் தொடங்கிய ஒரு நாள், அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண் மூடிவிட்டது. பயந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் எழுந்து நடக்கவில்லை.

அதற்கு முன்பே அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அந்தத் தாயோடு கதைத்த வாரத்து ஞாயிறு. அப்பா இறந்த பிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறார். சாப்பாட்டு மேசையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, தங்கச்சி செத்ததை எனக்கு ஏன் சொல்லேல்லை?"

கை நின்றது. எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"நித்திரை எண்டதை உனக்கெண்டு நான் சொல்லேல்லை, பிள்ளை" என்றார். "எனக்குத்தான் சொன்னனான். நித்திரை எண்டு வாயாலை சொன்னா, அப்பிடியே இருக்கும் எண்டு நினைச்சன். நீ வெளியிலை போன பிறகும் கனநேரம் மடியிலை வைச்சுக்கொண்டிருந்தனான். பக்கத்துச் சனங்கள்தான் என்ர கையிலை இருந்து வாங்கினதுகள்."

"எங்கை வைச்சனீங்கள்?"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை, கம்பிவேலியோரமா. பாயிலைதான் சுத்தினது. பெட்டி செய்ய அங்கை என்ன இருந்தது? மொன்றியலிலை இருந்த கொப்பருக்கு ரெலிபோனிலை சொல்ல ஒரு மாசம் செண்டது. அவர் அவளைப் பிறந்தாப்போலை கண்டதுதான்."

அம்மா மறுபடி கீரையை எடுத்தார். நானும் ஒரு பிடி எடுத்துக்கொண்டேன். இருவரும் அழவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் முதன்முறையாக அவள் இருக்கும் இடம் எனக்குத் தெரிந்தது. அவள் எங்கேயும் எழும்பி உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு வேலியோரத்தில் இருந்தாள்.

பயிற்சியில் தேறினேன். பட்டமும் கிடைத்தது. இப்போது சொந்த வகுப்பு இருக்கிறது. சுவரோரம் யாரும் படுத்திருப்பதில்லை என்று சொல்ல மாட்டேன். சில மதியங்களில் இன்னும் படுத்திருக்கிறாள். இப்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

பட்டமளிப்பு முடிந்து அம்மாவும் நானும் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். அம்மா யன்னல் பக்கம் பார்த்தபடி, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல், "தங்கச்சியைப் படுக்க வைக்கிறது லேசில்லை" என்றார். "விளக்கை ஊதினாலும் இருட்டுக்கை இருந்து பாட்டுப் படிப்பாள். நீ காலாலை உதைப்பாய். அவள் இன்னும் பலத்துப் படிப்பாள்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. "என்ன பாட்டு?" என்றேன்.

"ஆருக்குத் தெரியும்? எல்லாம் அவள் தானாக் கட்டினது."

அம்மா சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்தோம். காற்று எதிரே வீசியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் கோழிக்குஞ்சுகளைத் துரத்தி விழுந்த கதையைத் தொடங்கினார்.