‘ஏசித் தண்ணி’ என்றார்கள்

போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த அடுத்த வாரம் நடந்தது இது. நான் சாய்ந்தமருதில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கணவர் கட்டாரில். வீட்டில் நிற்கும் பழைய ஜப்பான் காரை ஓட்டுவது, கழுவுவது, தண்ணீர் பார்ப்பது எல்லாம் நான்தான்.

முன் இடது சீற்றின் காலடியில் கார்ப்பெட் ஈரமாகிக்கொண்டே வந்தது. தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு, விரலில் பிசுபிசுப்பு. ரேடியேட்டரிலும் கூலன்ட் கலந்த தண்ணீர் குறைந்தது. வழக்கமாகப் போகும் கராஜில் இதையெல்லாம் விவரமாகச் சொன்னேன். அந்த மனிசன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"மாப்புளைக்கு ஒரு கோல் எடுங்க டீச்சர், நான் அவரோட கதைக்கன்" என்றார்.

எங்கள் பக்கம் இது வழமை. கூரை ஒழுகினாலும் கார் ஒழுகினாலும் கதை ஆம்பிளைகளுக்குள்தான் நடக்க வேண்டும், ஆம்பிளை கடல் கடந்து இருந்தாலும் சரி. நானும் கணவருக்கு எடுத்துப் போனை நீட்டினேன். ஈரத்தைக் கண்ணால் காணாத என் கணவரும், குனிந்துகூடப் பார்க்காத அந்த மனிசனும் இரண்டு நிமிடத்தில் முடிவெடுத்தார்கள். "அது ஏசித் தண்ணிதான் மச்சான். பொம்புளயள் சும்மா பயப்புடுறாங்க" என்று கராஜ்காரர் போனில் முடித்தார்.

காரைக் குளிராக்கும் ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் சுடுமா? பிசுபிசுக்குமா? தரம் எட்டுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கராஜில் நின்று வாதாடுகிறாள் என்று பேர் வந்துவிடுமே என்று பயந்து, சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாலாம் நாள் உம்மாவை மட்டக்களப்புக்கு கிளினிக் கூட்டிப் போனேன். உம்மாவுக்கு நீண்ட காலமாக நீரிழிவு, சீனி வருத்தம். பாதங்களில் உணர்வே இல்லை. முழங்கால் மடக்கக் கஷ்டம் என்று முன்சீற்றில்தான் இருப்பா. குருக்கள்மடம் தாண்டும்போது கண்ணாடி முழுக்க ஆவி படிந்து பாதை மறைந்தது. ஓரமாக நிறுத்தினேன்.

சலவாத்து ஓதிக்கொண்டிருந்த உம்மா, "ஏன் மகள் நிப்பாட்டின?" என்று கேட்டா.

குனிந்து அபாயாவை விலக்கினேன். டாஷ்போர்டின் அடியிலிருந்து கொதித்த தண்ணீர் அவவின் வெறும் பாதத்தில் ஊற்றிக்கொண்டிருந்தது. தோல் வழன்று கிடந்தது.

"உம்மா, கால் சுடல்லியா?" என்று கத்தினேன்.

"இல்லியே மகள், ஒண்டும் வெளங்கல்லியே" என்றா.

அந்த வழியால் வந்த ஆட்டோவை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சீனிக்காரரின் புண் லேசில் ஆறாது. மூன்று மாதம் மருந்து கட்டியும் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. அல்ஹம்துலில்லாஹ், பாதம் தப்பியது.

காரைக் களுவாஞ்சிக்குடியில் ஒரு கராஜில் திருத்தினேன். அங்கிருந்தவர் என்னைக் கூப்பிட்டு, வெடித்துப்போன ஒரு பிளாஸ்டிக் சாமானைக் கையில் தந்தார். எஞ்சினிலிருந்து ஹீட்டருக்கு வரும் சுடுதண்ணீரைத் திறந்து மூடும் வால்வு. "டீச்சர், நம்மட வெயிலுக்கு ஹீட்டர் என்னத்துக்கு? அதுக்கு வாற, போற ரெண்டு பைப்பையும் எஞ்சின் பக்கமே ஒண்டோட ஒண்டு நேரா பூட்டிருவம். இனிச் சுடுதண்ணி உள்ளுக்கு வராது" என்றார். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. வெறும் அரை மணித்தியாலம்! எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது.

விஷயம் தெரிந்ததும் எங்கள் ஊர்க் கராஜ்காரர் மன்னிப்புக் கேட்டார். யாரிடம்? கட்டாரில் இருக்கும் என் கணவரிடம்! கணவர் அதை எனக்குச் சொன்னபோது, கலியாணம் கட்டிய நாளிலிருந்து முதல் முறையாக அவரிடம் உரத்துக் கதைத்தேன். "வெந்தது உம்மாட கால். உம்மாட்ட வந்து கேக்கச் சொல்லுங்க."

இன்றுவரை அந்தக் கராஜ்காரர் வரவில்லை. உம்மாவின் பாதத்துக்கு எண்ணெய் பூசும்போதெல்லாம் அந்த மனிசன் மேல் எனக்குக் கோபம் வருகிறது. என் விரலால் தொட்டு அறிந்ததை விட்டுக்கொடுத்து வந்த என் மேல் அதைவிடக் கோபம் வருகிறது.