ஓடியது என்று சொன்னவர்

ஏலக்காயை நகத்தால் கீறி, உள்ளே விதையின் நிறத்தைப் பார்த்து, முகர்ந்து, ஒன்றிரண்டை வாயில் போட்டுக்கொண்டுதான் பேச்சையே தொடங்குவார் பொன்னுராஜ். போடி கடைத்தெருவில் அவருடைய கமிஷன் கடைக்கு வருகிற மூட்டை எதுவும் அவர் கை படாமல் வெளியே போனதில்லை. "நம்ம சலிச்சுப் பாக்காத காயை நல்ல காய்னு சொல்ல மாட்டோம்ல" என்று தோட்டக்காரர்களிடம் தாராளமாகப் பெருமையடிப்பார். அவர்களும் தலையாட்டுவார்கள். அது உண்மை என்பது ஊருக்கே தெரியும்.

கடையின் பின்னறையில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருப்பதாக மனைவி ஜெபஷீலா சொல்வாள். தேனியில் மூடிப்போன ஒரு நூற்பாலையிலிருந்து பழைய இரும்பு விலைக்குத் தூக்கிவந்த கம்ப்யூட்டர் அது. இட்லிக் கொப்பரை அகலம். சூடும் கிட்டத்தட்ட அவ்வளவு. அதைச் செய்த கம்பெனியே அதை மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. யூனிக்ஸ் என்ற பழைய சிஸ்டம் போலவே வேலை செய்கிற, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை, இந்தக் கிழட்டு எந்திரத்துக்குப் பொருந்தும்படி வரிவரியாகத் திருத்தினார் பொன்னுராஜ். அந்த ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தபோது கற்றதையெல்லாம் அதில் கொட்டினார். வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, கடைசியில் திரையில் எழுத்து வந்தபோது, கடையில் மூட்டை தூக்கும் ஆளான சங்கிலியைத்தான் கூப்பிட்டுக் காட்டினார்.

"அண்ணாச்சி, இதுல படம் தெரியுமா?"

"தெரியாது."

"பாட்டாச்சும் கேக்குமா?"

"கேக்காதுலே."

"பெறகு எதுக்கு இது?"

"ஓடுதுல்ல!" என்றார் பொன்னுராஜ். அதைவிடப் பெரிய பதில் அவரிடம் இல்லை.

இந்த சிஸ்டத்தை வளர்க்கும் வேலையில் சம்பளமும் கிடையாது, மேலதிகாரியும் கிடையாது. பல தேசத்துக்காரர்கள் மின்னஞ்சலிலேயே கூடிச் செய்கிறார்கள். புதிய பதிப்பு வெளிவருமுன், எந்த எந்திரம் யாரிடம் இருக்கிறதோ அவர் அதில் ஏற்றிப் பார்த்து 'ஓடியது' என்று எழுத வேண்டும். வந்து சோதிக்க ஆள் இல்லை; எழுதினால் எழுதியதுதான். எழுத யாரும் இல்லாத எந்திரத்தைக் கைவிட்டுவிடுவார்கள். பொன்னுராஜின் எந்திரத்துக்கு அவர் ஒருவர்தான் சாட்சி.

2008இல் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த நாட்களில், ஒருதடவை திரும்பி வந்த வேகத்தில் எந்திரத்தின் பவர் சப்ளை புகைந்து அடங்கியது. மதுரை வரை அலைந்தும் மாற்றுக் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் புதிய பதிப்பு தயாரானது. ஓடுகிறதா என்று கேட்டார்கள். மாறியிருந்தது என்னவோ நாலு வரிதான். பார்க்க முடியவில்லை என்று எழுதினால் எந்திரத்தைக் கைவிட்டுவிடுவார்கள்; அதன் சாட்சி என்று பதிப்பில் வருகிற தன் பெயரும் போய்விடும். ஏலக்காய்க் கடைக்காரர் என்பதற்கு மேல் அவருக்கு இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். 'ஓடியது' என்று எழுதிவிட்டார்.

பெயர் வந்தது. ஜெபஷீலா பூரித்துப்போய்ப் போதகரிடம் சொன்னாள். ஸ்தோத்திரக் காணிக்கை வேறு போட்டாள். போதகர் தன் பங்குக்குக் கொஞ்சம் மசாலா சேர்த்து, "நம்ம சகோதரர் அமெரிக்காக்காரனுக்கே கம்ப்யூட்டர் செஞ்சு குடுக்காக" என்று ஞாயிறு ஆராதனையில் அறிவித்தார். எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றார். சபை முழுவதும் கைதட்டியது. பொன்னுராஜுக்குக் காதெல்லாம் சுட்டது.

சில மாதங்கள் கழித்து, பின்லாந்திலிருந்து ஹில்மா என்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதினார். அவரிடமும் அதே எந்திரம். புதிய பதிப்பை ஏற்றியதும் ஹார்ட் டிஸ்க் முழுக்க அழிந்துவிட்டதாம். தன் ஊர்ப் பறவைகளைப் பற்றி அவர் பல வருஷமாக எழுதிச் சேர்த்தது அத்தனையும் போயிற்று. கோபமாக ஒரு வார்த்தை இல்லை. "உங்களிடம் ஓடியிருக்கிறது, ஆகவே தவறு என்னுடையதுதான். எங்கே பிழை செய்தேன் என்று சொல்வீர்களா?" என்று கேட்டிருந்தார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பிரவுசிங் சென்டரில் பக்கத்து நாற்காலிக்காரர் படித்துவிடுவாரோ என்று திரையைக் கையால் மறைத்துக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் உண்மையை எழுதக் கை வரவில்லை. "பிழை உங்களுடையது அல்ல. நானே ஏற்றிப் பார்த்துச் சொல்லலாம் என்றால், என் எந்திரத்தின் பவர் சப்ளை எரிந்துவிட்டது" என்று எழுதினார். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எப்போது எரிந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டார். மேலே நல்ல காயைப் பரப்பி அடியில் சொத்தையை வைத்து விற்கிறவர்களை ஆயுள் முழுக்க ஏசியவர் அவர். தான் செய்திருப்பதும் அதுதான் என்பது அவருக்கா தெரியாது?

ஹில்மா உடனே பதில் எழுதிவிட்டார். தன் எந்திரத்தைப் பிரித்து அதன் பவர் சப்ளையை அனுப்புவதாகவும், இனித் தனக்கு அது உதவாது, பொன்னுராஜிடம் இருந்தால் எல்லோருக்கும் உதவும் என்றும் எழுதியிருந்தார். சில வாரம் கழித்துத் தபால்காரர் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கடையில் இறக்கினார்.

ஜெபஷீலா கத்திரிக்கோலோடு வந்தாள். "பிரிங்க. வார ஞாயித்துக்கெழம சபையில சாட்சி சொல்லிருவோம். முன்னப்பின்ன தெரியாத மனுசி, என்ன மனசு பாத்தீகளா!"

"வேணாம் ஜெபா."

"ஏங்க?"

"அந்தப் பதிப்ப நான் ஓட்டிப் பாக்கல. அதுக்கு முன்னயே மிசினு எரிஞ்சு போச்சு. பாக்காமத்தான் ஓடுச்சுன்னு எழுதுனேன். அந்தம்மா சேத்து வச்சதெல்லாம் அழிஞ்சது என்னாலதான்."

ஜெபஷீலா கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அப்ப, சபையில எந்திரிச்சு நின்னீகளே?"

பெட்டியின் ஒரு பக்கத்தில் ஹில்மாவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி பொன்னுராஜ் பெட்டியை மெல்லத் திருப்பி வைத்தார்.