மஞ்சள் கோடு

என் மனைவியின் வலது மணிக்கட்டு சற்றே கோணலாக இருக்கும். தோசைக்கல்லில் மாவைச் சுழற்றும்போதுதான் தெரியும். அதற்குக் காரணம் தன் தம்பி என்று நாற்பது வருடங்களுக்கு மேல் அவள் நம்பினாள். அவனும் அப்படித்தான் நம்பினான். காரணம் நான்.

குஷாய்குடா பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. மச்சான் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவர்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே ஆற்காட்டிலிருந்து செகந்திராபாத் வந்தது. அக்காவும் தம்பியும் பேசினால் பாதி தமிழ், மீதி தெலுங்கும் தக்கினி உருதுவும்.

எழுபதுகளின் கடைசியில், லாரியில் மோதி முன்பக்கம் நசுங்கிய ஓர் அம்பாசிடர் கார், ஸ்கூட்டர் விலைக்கே வந்தது. நான் தயங்கினேன். அவன் அதை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மூஞ்சிதான் போச்சு மாமா, உசிரு இருக்கு" என்றான். வாங்கிவிட்டோம்.

ஆறு மாதம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் காருக்கே போயின. காலையில் ராணிகஞ்சில் பழைய பாகங்கள் விற்கும் சந்துகளில் அலைவோம். பானெட் ஏதோ டாக்சியுடையது, கறுப்பு. இடது கதவு பச்சை. ஸ்டியரிங் ராடுகளை இரண்டு கார்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தோம். மனைவி ஹெட்லைட் வளையங்களை விபூதி போட்டுத் துடைத்தாள். இன்ஜின் இறக்கி வைத்திருந்த காரின் முன்சீட்டில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பாள். நான் ஜன்னலில் குனிந்து எங்கே போகணும் என்பேன். "கீசரகுட்டா கோயிலுக்கு. மீட்டர் போட்டு வாங்க" என்பாள்.

வேலையிடத்துப் பழக்கத்தை நான் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தேன். முறுக்கிய ஒவ்வொரு நட்டையும் நானே பரிசோதித்து, நட்டிலும் அது உட்கார்ந்திருக்கும் இரும்பிலுமாகச் சேர்த்து மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுப்பேன். கோடு இருந்தால் வேலை முடிந்தது, மறுபடி தொட வேண்டாம். மச்சானுக்கு இது ஒரே வேடிக்கை. "பொட்டு வெச்சாச்சா மாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவான். ஆனால் ஒர்க்‌ஷாப் ஆள். பரிசோதகன் போட்ட கோட்டை வேதம்போல மதிப்பவன்.

ஒரு ஞாயிறு, இடது சக்கரத்து ஸ்டியரிங் ராடின் நட்டைக் கையால் மட்டும் முறுக்கி விட்டுப் போனான். நட்டு கழன்று வராமல் குறுக்கே செருகி மடக்கும் சின்னப் பின் அன்று கிடைக்கவில்லை. அடுத்த வாரம் கொண்டுவந்து போடுகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான்.

நடுவில் புதன்கிழமை சாயங்காலம் பெயின்ட் டப்பாவோடு உட்கார்ந்தேன். மீதமிருந்த கோடுகளை முடித்துவிடலாம் என்ற எண்ணம். காபி ஆறுகிறது என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்த நட்டு கண்ணில் பட்டது. அடியில் படுத்து இழுத்துப் பார்க்கவில்லை. அவன் சொன்னதும் நினைவில் இல்லை. கோடு போட்டேன்.

ஞாயிறன்று அவன் அந்தப் பின்னை எடுத்துக்கொண்டு வந்தான். குனிந்து பார்த்தான். மஞ்சள் கோடு இருந்தது. மாமாவே வேறு பின் போட்டுவிட்டார் என்று நினைத்து, பின்னைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பிரேக்கைப் பார்க்கப் போனான்.

அதற்கடுத்த வாரம் நானும் மனைவியும் மட்டும் கீசரகுட்டா போனோம். அவனுக்கு அன்று ஷிப்ட். சாமி கும்பிட்டுத் திரும்பும் வழியில் ஒரு வளைவில் இடது சக்கரம் தன் போக்கில் திரும்பியது. வேகம் அதிகமில்லை. கார் பள்ளத்தில் இறங்கி நின்றது. முன்னால் ஊன்றிய அவள் கை ஒடிந்தது.

அவளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு அடியில் பார்த்தேன். நட்டு போயிருந்தது. அது இருந்த இடத்து இரும்பில் கோட்டின் பாதி, பளிச்சென்று மஞ்சளாக இருந்தது.

டிக்கியில் பெட்ரோல் கேன் இருந்தது. கைக்குட்டையை நனைத்து அந்தப் பாதிக் கோட்டை அழித்தேன். நகத்தாலும் சுரண்டினேன்.

"கர்சீப் குடுங்க, கையக் கட்டிக்கறேன்" என்று மரத்தடியிலிருந்து கேட்டாள். ஆயில் ஆகிவிட்டது என்றேன். கடைசியில் முந்தானையில் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

அந்த வழியாக வந்த ஒரு ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மச்சானுக்குச் சொல்லியனுப்பினேன். மறுநாள் என்னோடு வந்து காருக்கு அடியில் புகுந்தான். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"பொட்டு இருந்துச்சுன்னு நெனச்சேன் மாமா. பார்த்தேன்னே நெனச்சேன்."

"இல்லையே மச்சான்" என்றேன்.

சட்டைப்பையிலிருந்து அந்தப் பின்னை எடுத்துப் பார்த்தான். "அப்போ நான்தான் மறந்துட்டேன்" என்றான்.

கட்டிலில் கிடந்த அக்காவின் காலடியில் உட்கார்ந்து அழுதான். அவள் இடது கையால் அவன் தலையைத் தொட்டாள். "நக்கோ டா, அழாத. ஒரு கைதானே, இன்னொண்ணு நல்லாத்தானே இருக்கு" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

கட்டுப் பிரிக்கும் வரை தினமும் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்து அவளுக்காக மாவாட்டிக் கொடுத்தான். அந்த மாவில் சுட்ட தோசையைத்தான் நானும் சாப்பிட்டேன். காரைப் பழையபடி சந்துக்கடைகளுக்கே விற்றோம். அவன் அதன் பிறகு எந்த வண்டியிலும் கை வைக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஒரு நட்டை மூன்று தடவை பார்ப்பான் என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். தானே கேட்டு ஸ்டோர்ஸுக்கு மாற்றிக்கொண்டான். சைக்கிள் பூட்டையும் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பான்.

போன வருடம் அவனுக்குக் கண்புரை ஆபரேஷன். நான்தான் கூடப் போனேன். எத்தனை நாளாகப் பார்வை சரியில்லை என்று டாக்டர் கேட்டார். "இந்தக் கண்ணு நாப்பது வருஷமாவே பொய் சொல்லுது டாக்டர்" என்று சிரித்தான். டாக்டரும் சிரித்தார்.

கண் கட்டு எடுத்த மறுநாள் மெட்டுகுடாவில் அவன் வீட்டுக்குப் போனேன். தனியாக இருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். கைக்குட்டையையும் சொன்னேன்.

கோபித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"மஞ்சளா இருந்துச்சா மாமா?"

"மஞ்சள்தான்."

"நட்டு மேல, கொஞ்சம் சாய்ஞ்சாப்ல?"

"ஆமாம்."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "அப்போ பார்த்திருக்கேன்" என்றான். அதை மறுபடி மாட்டிக்கொண்டு, "அக்காகிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றான்.

அன்றே சொல்லலாம் என்று அவனையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். அவன் கதவைப் பூட்டிவிட்டு பூட்டை இழுத்துப் பார்த்தான். இரண்டாவது தடவையும் இழுத்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மூன்றாவது தடவையும் இழுத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான்.