பூவராகவன் மாமாவின் பிளாஸ்க்

பூவராகவன் மாமாவோடு ஒரே பஸ்ஸில் ஏறியவர்கள் பாவம். அகலவாய் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, "வெயில் படுது, ஜன்னலை மூடுபா", "இடிக்காம உக்காருபா" என்று மதராஸில் ஆரம்பித்தால் காஞ்சிபுரம் வந்துதான் ஓய்வார். எங்கள் ஊர் மருந்துக் கடை ஒன்றில் அவருக்கு வேலை. பத்து நாளைக்கு ஒரு முறை மதராஸ் போய் இன்சுலின் வாங்கி வருவது அவர் பொறுப்பு. அதில் ஒரு பாட்டில் எனக்கு. ஒன்பது வயதிலேயே எனக்குச் சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் ஊசி.

பிளாஸ்க்கின் அடியில் ஐஸ், அதன்மேல் தக்கை, பஞ்சு, பஞ்சுக்கு மேல்தான் பாட்டில்கள். எங்கள் அப்பா தான் நெய்த பட்டுப் புடவையைக்கூட அவ்வளவு பக்குவமாக மடித்ததில்லை.

"சில்லுன்னு இருக்கணும், ஆனா ஐஸ் மேல படக்கூடாது" என்று கேட்காதவர்களுக்கும் பாடம் நடத்துவார்.

எழுபத்தொன்றாம் வருஷம் மே மாதம் ஒரு நாள். கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது. என் பாட்டிலும் அன்று காலை ஊசியோடு காலி. மாலை ஊசிக்கு மாமா வந்தால்தான் உண்டு. முன்பு ஒரு முறை ஊசி தவறி, நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தவள் நான். அதனால் அம்மா பத்து மணிக்கே வாசலுக்கு வந்துவிட்டாள்.

வாலாஜாபாத்தில் மாமா வந்த பஸ்ஸின் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. மாமாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பிளாஸ்க்கைக் கண்டக்டர் பழனியிடம் கொடுத்துவிட்டு, பஞ்சர் கடைக்காரரை விரட்ட அவரே கிளம்பினார். அவர் போன நேரத்தில் ஐஸ் வண்டிக்கார சிட்டிபாபு வந்தான். சின்னக் குழந்தைக்கு மருந்து என்று பழனி சொன்னதும் அவன் மனம் இளகிவிட்டது. பிளாஸ்க்கைத் திறந்தான், பஞ்சைத் தூக்கி எறிந்தான். குல்பி பானையிலிருந்து, குல்பி உறைவதற்காக உப்புப் போட்ட ஐஸை அள்ளிப் பாட்டில்களின் மேலேயே நிரப்பினான். காசும் வாங்கவில்லை.

முக்கால் மணி கழித்து வந்த மாமா மூடியைத் திறந்தார். பாட்டிலுக்குள் மருந்து கல்லாக உறைந்திருந்தது.

"இன்னாடா பண்ணி வெச்சிக்கிறே?"

"நல்லா சில்லுன்னு இருக்கட்டும்னுதான் சார்..." என்றான் சிட்டிபாபு.

மாமா பாட்டிலைக் கையில் பொத்தி வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் மருந்து உருகி, பழையபடி தண்ணீர்போலத் தெளிந்துவிட்டது. பஸ்ஸே கூடிப் பார்த்தது.

"அதான் கரைஞ்சிடுச்சே, ஏறுபா. புதுசாட்டம் இருக்குது" என்றார் ஒருவர்.

"ஐஸ் போட்டா மருந்து கெடுமா?" என்றார் இன்னொருவர். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் டாக்டராகிவிட்டார்கள்.

"உறைஞ்சா அதோட வேலையே போச்சுபா. பார்த்தா தெரியாது" என்றார் மாமா. யார் பேச்சும் அவர் காதில் ஏறவில்லை. எதிரே மதராஸ் பஸ் வந்தது. பிளாஸ்க்கோடு அதில் ஏறிப் போயேவிட்டார். இதெல்லாம் பழனி பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இங்கே அம்மா நாலு தடவை கடைக்கும் வீட்டுக்கும் நடந்துவிட்டாள். மாலை ஊசி போடாமல் ராத்திரிச் சோறு கிடையாது. எனக்குப் பசி காதை அடைத்தது. அன்று சாயங்காலம் முழுக்க மாமாவை நான் திட்டிய திட்டுக்கு அளவே இல்லை. ஆறு அடிக்கும்போது, சட்டை முழுக்க வியர்வையோடு வந்து நின்றார்.

"உறைஞ்சி போச்சும்மா. திரும்பப் போயி வேற வாங்கியாந்தேன்." அவ்வளவுதான் சொன்னார்.

அம்மா பாட்டிலை வாங்கிக்கொண்டாள். "அதையே குடுத்திருந்தா எங்களுக்கு இன்னாண்ணா தெரியப் போவுது?"

"உனக்குத் தெரியாதும்மா. கொழந்த ஒடம்புக்குத் தெரியும்."

எனக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல். இன்றும் காலையும் மாலையும் ஊசிதான்.

ஊசி போட்டு அரை மணி கழித்து எனக்கு இலை போட்ட அம்மா, பக்கத்தில் இன்னொரு இலையும் போட்டாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மனிதர், கூச்சமே இல்லாமல் மூன்று முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.